மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு ஆஸ்பிரினா, ஊசியா?

எலும்பு சிகிச்சை மருத்துவர்
டிஸ்சார்ஜ் அன்று எல்லாக் குடும்பமும் கேட்கும் கேள்வி: "காலிலும் நுரையீரலிலும் ரத்தக்கட்டி வராமல் தடுக்கும் ஊசிக்குப் பதிலா ஆஸ்பிரின் போதாதா டாக்டர்?" எந்த ஆபரேஷன் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

எலும்பு முறிவு என்றால் ஆஸ்பிரினுக்கு நல்ல பெயர்தான். 2023-ல் வெளிவந்த பிரிவென்ட் க்ளாட் ஆய்வு அமெரிக்கா, கனடாவில் 12,211 பேரிடம் நடந்தது. ஒரு பாதிக்கு ஆஸ்பிரின் 81 மி.கி., மறுபாதிக்கு எனாக்ஸாபரின் என்ற ஊசி 30 மி.கி., இரண்டும் தினம் இருவேளை. நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்தது இரு குழுவிலும் 1.49 சதவீதம் பேருக்கு. இறப்பிலும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. காலில் ரத்தக்கட்டி மட்டும் ஆஸ்பிரினில் 2.51, ஊசியில் 1.71.

இந்தக் கணக்கை மூட்டு மாற்றுக்குப் பொருத்தக் கூடாது. 2022-ல் வந்த ஆஸ்திரேலியாவின் கிறிஸ்டல் ஆய்வில் ஆஸ்பிரின் 100 மி.கி. எடுத்தவர்களில் 3.45 சதவீதம் பேருக்குக் கட்டி வந்தது. எனாக்ஸாபரின் 40 மி.கி. போட்டவர்களில் 1.82. பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே வந்த, அபாயம் குறைந்த கட்டிகள்தான். அதற்காக ஆஸ்பிரினும் ஊசியும் ஒன்று என்று நான் எழுதித் தரமாட்டேன்.

மருந்தாளுநர்
காரணம் கட்டியின் சுபாவத்தில் இருக்கிறது டாக்டர். இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் தமனியில் உறைவது பெரும்பாலும் தட்டணுக்களால், அதாவது ரத்தத்தை உறையவைக்கும் சிறு அணுக்களால். அதில் ஆஸ்பிரின் கில்லாடி. இதயத்துக்குத் திரும்பும் சிரையில் தேங்கும் ரத்தத்தில் ஃபைப்ரின் என்ற புரத இழை வலைதான் அதிகம். அங்கே எனாக்ஸாபரின் போன்ற ஹெப்பாரின் வகை ஊசி நேராக வேலை செய்யும்.

ஆஸ்பிரினை நிறுத்தினாலும் அதன் வேலை அன்றே நிற்காது. அது முடக்கிய தட்டணு சாகும்வரை, அதாவது 7 முதல் 10 நாள், முடங்கியேதான் இருக்கும். நம் ஊர்க் கடைகளில் 75, 150 மி.கி. கிடைக்கும், 81 பொதுவாகக் கிடைக்காது. குடலில் கரையும் பூச்சுள்ள மாத்திரையைப் பொடிக்கக் கூடாது. மூட்டு வலிக்கு ஐபுபுரூஃபனும் சேர்த்து விழுங்கினால் தட்டணுவில் ஆஸ்பிரின் ஒட்ட வேண்டிய இடத்தை அது மறித்துவிடும். வயிற்றில் ரத்தக்கசிவு அபாயமும் கூடும்.

வார்டு செவிலியர்
ஊசியை வீட்டில் போடுபவர்கள் செய்யும் முதல் தப்பு, 40 மி.கி. சிரிஞ்சில் இருக்கும் காற்றுக் குமிழியைத் தட்டி வெளியே தள்ளுவது. அது அப்படியே இருக்கட்டும். கடைசிச் சொட்டு மருந்தையும் அதுதான் உள்ளே தள்ளும். தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, வயிற்றுத் தோலை மடிப்பாகப் பிடித்து, ஊசியை நேராக முழுசும் இறக்குங்கள். உருவும்வரை மடிப்பை விடாதீர்கள். ஒருநாள் இடம், மறுநாள் வலம். போட்டபின் தேய்த்தால் நீலம் கட்டிக்கொள்ளும்.

மயக்க மருத்துவர்
முதுகில் வலி மருந்து செலுத்தும் எபிடியூரல் குழாய் இருந்தால் மணிக்கணக்கு முக்கியம். தடுப்பு டோஸ் எனாக்ஸாபரின் போட்டு 12 மணி நேரம் ஆனபிறகே குழாயை எடுக்க வேண்டும். எடுத்தபின் அடுத்த டோஸுக்குக் குறைந்தது 4 மணி நேரம். தவறினால் தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டிக் கால் செயலிழந்துவிடும். சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் கிரியாட்டினின் கிளியரன்ஸ் 30-க்குக் கீழே போனால் டோஸைக் குறைக்க வேண்டும். ஹெப்பாரின் வகையில் ஐந்தாம் நாளிலிருந்து தட்டணு எண்ணிக்கை பாதியாகச் சரிந்தால் ஊசியே கட்டியை உண்டாக்குகிறதோ என்று சந்தேகப்படுங்கள். ஆஸ்பிரினில் அந்தத் தொல்லை இல்லை.

எலும்பு சிகிச்சை மருத்துவர்
நடுவழி ஒன்றும் உண்டு. கனடாவின் எப்கேட் 2 ஆய்வில் முதல் 5 நாள் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ரிவராக்ஸபான் மாத்திரை 10 மி.கி., பிறகு ஆஸ்பிரின் 81 மி.கி.: முழங்கால் மாற்றுக்கு 9 நாள், இடுப்பு மாற்றுக்கு 30 நாள். கட்டி வந்தவர்கள் 0.64 சதவீதம், ரிவராக்ஸபானையே தொடர்ந்தவர்களில் 0.70. முன்பே கட்டி வந்தவருக்கும் புற்றுநோய் உள்ளவருக்கும் இதை நான் யோசிப்பதில்லை.

மருந்தாளுநர்
இன்னொரு குழப்பம் சார். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல், ரத்தம் உறையாதிருக்க அபிக்ஸபான் மாத்திரை எடுப்பவர், ஆபரேஷன் சீட்டில் ஆஸ்பிரினைப் பார்த்ததும் பழைய மாத்திரையை விட்டுவிடுகிறார். அதே வேலைக்கான பழைய மருந்தான வார்ஃபரின் ஒத்துக்கொள்ளாதவர்களிடம் நடந்த ஆவெரோஸ் ஆய்வில் பக்கவாதமும் பிற உறுப்பு அடைப்பும் ஆண்டுக்கு அபிக்ஸபானில் 1.6 சதவீதம், ஆஸ்பிரினில் 3.7. சிலரோ இரண்டையும் சேர்த்து விழுங்கி, வயிற்றில் ரத்தம் கசிந்து கறுப்பாக மலம் போன பிறகுதான் வருகிறார்கள். சீட்டில் பழைய மாத்திரையை எந்தத் தேதியில் மறுபடி தொடங்குவது, ஆஸ்பிரினை எந்தத் தேதியில் நிறுத்துவது என்று இரண்டையும் எழுதிக் கொடுங்கள்.