அமெரிக்காவின் வெண்தலைக் கழுகைப் (பால்ட் ஈகிள்) பார்த்தவர்கள் வாருங்கள்: எங்கே பார்த்தீர்கள், எப்படி அடையாளம் கண்டீர்கள்?

மேரிலாந்திலிருந்து:
தலையும் வாலும் வெள்ளையாக இருந்தால் சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும், பிரச்சினை அந்த வெள்ளை இன்னும் வராத பறவைகளிடம்தான். தலை முழுசாக வெளுக்க நாலைந்து வருஷம் ஆகும். அதுவரை உடம்பெல்லாம் பழுப்பு, அங்கங்கே வெள்ளைத் திட்டு. முதல் வருஷத்தில் அலகுகூடக் கறுப்பாகத்தான் இருக்கும். இங்கே சஸ்குவெஹானா ஆற்றில் கானொவிங்கோ அணைக்கு நவம்பரில் வருகிற நம் ஆட்கள் பலர், இப்படி ஒன்று தலைக்கு மேலேயே போனாலும் "ஏதோ பருந்து" என்று கேமராவை இறக்கிவிடுகிறார்கள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

அணையின் டர்பைன் வழியாக வருகிற மீன்கள் அடிபட்டு மயங்கி மேலே மிதக்கும், அதற்காகத்தான் இத்தனை கழுகுகள் கூடுகின்றன. தண்ணீர் திறப்பதற்கு முன்னால் சைரன் ஊதும், உடனே கரையில் இருக்கிற அத்தனை பேரும் டீயைக் கீழே வைத்துவிட்டு லென்ஸைத் தூக்குவார்கள். தொலைவில் பறப்பதை அடையாளம் காண நிறத்தை மறந்துவிட்டு இறக்கையைப் பாருங்கள். வெண்தலைக் கழுகு இரண்டு இறக்கையையும் பலகை மாதிரி நேராக நீட்டி அசையாமல் மிதக்கும். டர்க்கி வல்ச்சர் என்கிற பிணந்தின்னிக் கழுகு இறக்கையை 'வி' வடிவில் தூக்கி வைத்துக்கொண்டு அப்படியும் இப்படியும் தள்ளாடும். இது பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று, அங்கே கறுப்பு வல்ச்சர்களும் நிறைய. கார் கண்ணாடியைச் சுற்றியிருக்கிற ரப்பர், வைப்பர் எல்லாவற்றையும் கொத்திப் பிய்த்துவிடும். சும்மா சொல்லவில்லை, காரைத் தார்ப்பாயால் மூடிவிட்டுத்தான் எல்லோரும் படம் எடுக்கப் போவார்கள்.

அயோவாவிலிருந்து:
அண்ணா சொன்ன இறக்கை விஷயம் நூற்றுக்கு நூறு சரி. எங்கள் பக்கம் மிசிசிப்பி. ஜனவரியில் ஆறு உறைந்துபோகும், படகுகள் ஏறி இறங்க மதகு வைத்த லாக் அணைகளுக்குக் கீழே மட்டும் தண்ணீர் திறந்து கிடக்கும். லெக்ளேர் பக்கத்தில் 14ஆம் எண் அணைக்குப் போய் நின்றால் மரத்துக்கு மரம் கழுகுதான், கை விறைத்துப்போய் ஷட்டரை அழுத்த முடியாதது வேறு கதை.

இளம் பறவையைப் பொன்னிறக் கழுகோடு குழப்பிக்கொள்வதுதான் பெரிய தொல்லை. கீழிருந்து இறக்கையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெண்தலைக் குஞ்சுக்கு அக்குள் பக்கம் வெள்ளை சிதறிக் கிடக்கும், ஒழுங்கே இருக்காது. இளம் பொன்னிறக் கழுகுக்கு வெளிச்சிறகுகளின் அடியிலும் வாலின் அடியிலும் மட்டும் வெள்ளை, கோடு போட்டதுபோல் தெளிவாக நிற்கும். உட்கார்ந்திருந்தால் காலைப் பாருங்கள்: விரல்வரை சிறகு மூடியிருந்தால் பொன்னிறம், கீழ்க்கால் மஞ்சளாக வெறுமையாகத் தெரிந்தால் நம் ஆள்.

1963இல் அலாஸ்காவை விட்டுவிட்டுக் கணக்கெடுத்தபோது அமெரிக்காவில் 417 ஜோடிதான் கூடு கட்டியிருந்தது. டிடிடி பூச்சிமருந்து மீன் வழியாக உடம்பில் ஏறி, முட்டை ஓடு மெலிந்து அடைகாக்கும்போதே உடைந்துபோனது. 1972இல் தடை, 2007இல் அழியும் பட்டியலிலிருந்து நீக்கம். இப்போது ஒரே மரத்தில் பத்துப் பன்னிரண்டு உட்கார்ந்திருப்பதைச் சர்வசாதாரணமாகப் பார்க்கிறோம்.

சியாட்டிலிலிருந்து:
ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை டிசம்பர் கடைசியில் ஸ்காஜிட் ஆற்றுக்குக் கூட்டிப்போனோம். முதல் கழுகைப் பார்த்ததும் "கருடன்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மாவைக் குறை சொல்ல முடியாது, வெள்ளைத் தலை, பழுப்பு உடம்பு, பார்க்க அப்படித்தான் இருக்கிறது. ஆனால் கருடன் என்கிற நம் செம்பருந்துக்கு வெள்ளை நெஞ்சுவரை இறங்கும், வால் வெளுக்காது, உருவமும் இதில் ஏறக்குறைய பாதிதான். உண்மையான சொந்தக்காரர் வேறு, நம் கடற்கரையில் பறக்கிற வெண்வயிற்றுக் கடற்கழுகும் இதுவும் நெருங்கிய சொந்தம்.

முட்டையிட்டுச் செத்து ஒதுங்கிய 'சம்' வகைச் சால்மன் மீன்களைத் தின்னத்தான் அங்கே வருகின்றன. வேட்டையைப் பார்க்கலாம் என்று நினைத்துப் போகாதீர்கள், அழுகல் மீனுக்கு அடிதடிதான் நடக்கும்! அப்புறம் குரல். சினிமாவில் கழுகைக் காட்டும்போது வருகிற அந்த நீண்ட கீச்சல் பெரும்பாலும் செவ்வால் பருந்தின் குரல். நிஜக் கழுகு "கிக்கிக்கிக்" என்று மெலிசாகக் கத்தும், இவ்வளவு பெரிய உடம்புக்கு இந்தக் குரலா என்று என் பையன் விழுந்து விழுந்து சிரித்தான்.

நியூ ஜெர்சியிலிருந்து:
ஒரு சந்தேகம். போன வாரம் ஏரிக்கரையில் ஒன்றைப் பார்த்தேன், தலை அழுக்கு வெள்ளை, கண் வழியாகக் கறுப்புப் பட்டை. விராலடிப்பான்தானே, அதாவது ஆஸ்ப்ரே? கீழே ஒரு பெரிய இறகும் கிடந்தது, எடுத்து வரலாமா?

மேரிலாந்திலிருந்து:
தம்பி, முதலில் இறகு. தொடாதீர்கள். 1940இலிருந்து சட்டம் இருக்கிறது, கீழே கிடந்ததாகவே இருந்தாலும் கழுகு இறகை அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம்.

பறவை விஷயத்துக்கு வருவோம். மூன்று வயது வெண்தலைக் கழுகுக்கும் கண்ணோரம் அப்படிப் பட்டை இருக்கும். விராலடிப்பானுக்கு வயிறு பளிச்சென்று வெள்ளை, பறக்கும்போது இறக்கை 'எம்' மாதிரி மடங்கும், அலகு சின்னதாகக் கறுப்பாக இருக்கும். நீங்கள் பார்த்ததற்கு அலகு பெரிசாக, மஞ்சள் ஏறியிருந்ததா? வயிறு பழுப்பா? படம் இருந்தால் போடுங்கள், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.