புதுப்பிப்பு: கேபிள்தான் குற்றவாளி

பழைய கைத்தொலைபேசியில் லினேஜ் ஓஎஸ் (ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட இலவச இயங்குதளம்) நிறுவப் போகிறேன், மடிக்கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லை என்று சென்ற வாரம் இங்கே புலம்பியிருந்தேன். கஸ்தூரியார் வீதியில் வாங்கிய கேபிள் சார்ஜ் மட்டுமே ஏற்றுமாம். உள்ளே தரவுக் கம்பியே இல்லை. "வேறு வயர் போட்டுப் பாருங்கள் அண்ணா" என்று முதல் நாளே சொன்ன தம்பிக்கு நன்றி. மாற்றிய உடனே, இணைந்திருக்கும் கைத்தொலைபேசியைக் காட்டும் ‘ஃபாஸ்ட்பூட் டிவைசஸ்’ கட்டளைக்கு அதன் தொடர் இலக்கம் திரையில் வந்து விழுந்தது.

கைத்தொலைபேசி இயங்கத் தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருளான பூட்லோடரின் பூட்டைத் திறந்தால் எல்லாமே அழியும் என்பதால் நல்லூர்த் திருவிழாப் படங்களை முன்பே கணினிக்கு மாற்றியிருந்தேன். வாட்ஸ்அப்பை மறந்துவிட்டேன். அம்மம்மாவின் குரல்பதிவுகள் போயே போய்விட்டன, அதுதான் வயிற்றெரிச்சல்.

புதிய இயங்குதளத்தை ஏற்ற உதவும் ரிக்கவரிக் கோப்பின் ஷா-256 எண் (கோப்பு பழுதில்லாமல் இறங்கியதா என்று சரிபார்க்கும் எண்) பொருந்துகிறது. என் கைத்தொலைபேசி மாதிரிக்கான கோப்புத்தானா என்று இரண்டு முறை பார்த்துவிட்டேன். பற்றரி முழுதாக ஏறியதும் இன்றிரவு தொடங்குகிறேன்.