சூப்பர் ஃபோர்: ஐடிலில் இரண்டாவது சிலிண்டர் எரியவில்லை

ஹோண்டா சிபி400 சூப்பர் ஃபோர், வெர்ஷன் எஸ், நான்கு கெய்ஹின் கார்பரேட்டர். சிங்கப்பூர் ஈசூன் புளோக் பார்க்கிங்கில் சில மாதம் ஓடாமல் நின்ற வண்டி. இப்போது ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் திருகாதபோது) இரண்டாவது சிலிண்டர் சேரவில்லை. அந்த எக்ஸாஸ்ட் பைப்பில் தண்ணீர் தெளித்தால் ஆவியாகாமல் வழிகிறது. 3,000 ஆர்பிஎம் தாண்டினால் நான்கும் ஒன்றாக இழுக்கின்றன. சோக்கைப் பாதி இழுத்தால் ஐடிலிலும் எரிகிறது.

பிளக்கையும் கேப்பையும் மூன்றாவதோடு மாற்றிப் பார்த்தாயிற்று, கோளாறு இடம் மாறவில்லை. கம்ப்ரஷன் சமம். இன்டேக் ரப்பரைச் சுற்றிக் கிளீனர் அடித்தாலும் ஐடில் அசையவில்லை, ஆக காற்றுக் கசிவும் இல்லை.

கார்பரேட்டரை வெளியே எடுப்பதே பெரும்பாடு, ஏர்பாக்ஸ் ரப்பர் லேசில் விடாது. ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டில் வெளிச்சம் வட்டமாகத் தெரிகிறது. ஐடில் கலவையைச் சரிசெய்யும் பைலட் ஸ்க்ரூவை ஸ்பிரிங், வாஷர், ஓ-ரிங்கோடு கழற்றியாயிற்று (ஓ-ரிங் உள்ளேயே ஒட்டியிருக்கும், வளைத்த ஊசியால்தான் வரும்). அந்தத் துளையில் கிளீனர் அடித்தால், மற்ற மூன்றிலும் பட்டர்ஃபிளை (காற்றுவழியைத் திறந்து மூடும் தகடு) ஓரத்துப் பைபாஸ் துளைகளில் பீய்ச்சுகிறது. இரண்டாவதில் லேசாகக் கசிவதோடு சரி. இரவு முழுக்க ஊறவைத்து கம்ப்ரசரில் ஊதியும் அதே கதைதான். கம்பி விட மனமில்லை, துளை பெரிதானால் பாடியே வீண்.

கார்பரேட்டர்களைத் தனித்தனியாகப் பிரித்தால் சின்க் (நான்கும் ஒரே அளவில் திறக்கும் ஒத்திசைவு) போய்விடும், இடையிலுள்ள பெட்ரோல் பைப் ஓ-ரிங்குகளும் புதிதாக வேண்டும். நான்கையும் சேர்ந்தபடியே அல்ட்ராசோனிக் (ஒலி அலையால் சுத்தம் செய்யும்) தொட்டியில் போட்டால் இந்த அடைப்பு திறக்குமா, இல்லை இரண்டாவதைத் தனியே பிரித்தே ஆகவேண்டுமா?