கமென்ட்ரியில் இரண்டாவது ஆளுக்கு என்ன பெயர்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கால்பந்துச் சொற்பட்டியலில் பெனால்டி, த்ரோ-இன் எல்லாம் ஒருவழியாக முடிந்தது (ஆஃப்சைடுக்கு நடந்த சண்டையை மறந்துவிடுவோம்). மிச்சமிருப்பதில் என்னைப் படுத்துவது ஒன்றுதான். கமென்ட்ரி பெட்டியில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பந்து யார் காலிலிருந்து யார் காலுக்குப் போகிறது என்று விடாமல் சொல்கிறவர் ஒருவர், அவருக்கு வர்ணனையாளர் என்ற பெயர் இருக்கிறது, அப்துல் ஜப்பாரும் கூத்தபிரானும் வானொலியில் கிரிக்கெட் சொன்ன நாளிலிருந்து காதுக்குப் பழகிய பெயர். சரி, பக்கத்தில் இருப்பவர்? கோ-கமென்டேட்டர் என்கிறார்கள், அமெரிக்கர்களுக்கு அவர் கலர் கமென்டேட்டர். நாம் அவருக்கும் வர்ணனையாளர் என்றே போட்டுவிடுகிறோம். பட்டியலில் யாரோ 'வண்ண வர்ணனையாளர்' என்று நிரப்பியிருக்கிறீர்கள். வர்ணனைக்கே பெயின்ட் அடிக்கிற வேலை இது, கோபித்துக்கொள்ளாதீர்கள், எடுத்துவிடலாம்.

இதில் எனக்கு என்ன இவ்வளவு அக்கறை என்றால், 2022 டிசம்பர் 18, உலகக் கோப்பை இறுதி ஆட்டம், அர்ஜென்டினாவும் பிரான்ஸும். கன்னங்குறிச்சியிலிருந்து மலையேறி, ஏற்காட்டில் காபித் தோட்டத்து வேலையில் இருக்கும் நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். வெளியே பனி, உள்ளே கம்பளிக்குள் ஏழு பேர். டிவியில் ஆங்கிலம், என் கைபேசியில் தமிழ். கைபேசி அரை நிமிஷம் பின்தங்கி ஓடியது. 80ஆவது நிமிடத்தில் பிரான்ஸின் எம்பாப்பே போட்ட பெனால்டி, அதிலிருந்து 97 விநாடியில் அவருடைய அடுத்த கோல். டிவியைப் பார்த்து வீடே கத்திக்கொண்டிருக்க, கைபேசியில் இன்னும் பெனால்டி பேச்சே முடியவில்லை. அப்புறம் அங்கேயும் அந்தக் கோல் விழுந்தது. முதல் ஆள் கோல் என்று அலறினார். இரண்டாவது ஆளும் அலறினார். முதல் ஆள் 'என்னா கோல்' என்றார், இரண்டாவது ஆள் 'என்னா கோல்ங்க' என்றார். ஆட்டம் முழுக்கத் தன் கையில் வைத்திருந்த அர்ஜென்டினா ஒன்றரை நிமிஷத்தில் எப்படி இப்படிச் சரிந்தது? இடப்பக்கம் பிரான்ஸைப் பாடாய்ப்படுத்திய டி மரியாவை 64ஆவது நிமிடத்திலேயே வெளியே எடுத்துவிட்டார்கள், இந்தக் கோலின் தொடக்கமே மெஸ்ஸி காலிலிருந்து பிரான்ஸின் கோமான் பறித்த பந்துதான். அதைச் சொல்லத்தானே அந்த இரண்டாவது நாற்காலி? சொல்லவில்லை. ஒரே வேலையை இரண்டு பேர் பார்த்தார்கள்.

வேலைக்குத் தனிப்பெயர் இல்லாததால்தான் வேலையே நடக்கவில்லை என்பது என் கட்சி. சண்டைக்கு வாருங்கள்.

இதுவரை தோன்றியவை: இணை வர்ணனையாளர் (இரண்டு பேரும் ஒன்று என்றாகிவிடும்), துணை வர்ணனையாளர் (முதல் ஆளுக்குத் தொண்டை கட்டினால் வருபவர் மாதிரி இருக்கிறது), பின்பாட்டுக்காரர், ஒத்துக்காரர். கடைசி இரண்டும் வேண்டாம். நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவது கௌரவமான வேலைதான், ஆனால் 'ஒத்து ஊதுகிறான்' என்றால் ஊரில் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். பல முன்னாள் வீரர்கள் அந்தப் பெட்டியில் உட்கார்ந்து அதைத்தான் செய்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

— கன்னங்குறிச்சியிலிருந்து

*

ஆத்தூர் ஐயாவின் மறுமடல்:

தம்பி, ராஜாஜி 1916-ல் அறிவியலுக்குத் தமிழ்ச் சொல் ஆக்கச் சங்கம் வைத்தது நம் சேலத்தில். வேதியியலுக்கும் வானியலுக்கும் பார்த்தவர்கள் வாழ்ந்த ஊரில் பந்தாட்டக்காரர் ஒருவருக்குப் பெயர் கிடைக்காமல் போகாது, பதற வேண்டாம்.

உங்கள் கட்சியைத்தான் நான் ஏற்கவில்லை. எங்கள் பக்கம் கூலமேட்டு ஜல்லிக்கட்டில் மைக் பிடிக்கிறவரைக் கேட்டிருக்கிறீர்களா? மாடு யாருடையது, எந்த ஊர், பிடித்தால் என்ன பரிசு என்று சொல்வதும் அவர்தான், 'அது வலப்பக்கம் குத்தும் மாடு, திமிலைப் பார்த்துப் போ' என்று சொல்வதும் அவர்தான். அவருக்கு யார் இரண்டு பெயர் வைத்தார்கள்? ஆள் சரியாக இருந்தால் பெயர் இல்லாமலே வேலை நடக்கும்.

பெயர்தான் வேண்டுமென்றால் கூத்திலிருந்து எடுங்கள். கட்டியங்காரன் இருக்கிறானே. ராஜா வேஷம் வந்து நின்றதும் 'நீ யாரு, எந்த ஊரு' என்று சனங்களுக்காகக் கேட்பவன், சந்தடியில் கேலியும் செய்வான். கட்டியக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம்.

*

அம்மாபேட்டையிலிருந்து ஒரு சகோதரி:

ஐயா, அண்ணா, இரண்டு பேரும் எங்கேயோ போகிறீர்கள். எங்கள் வீட்டில் தம்பி 'அந்த இன்னொருத்தர்' என்பான். டிவியில் எக்ஸ்பர்ட் என்கிறார்கள். எப்படியும் பழைய ஆட்டக்காரர்தானே வருகிறார், 'முன்னாள் வீரர்' என்றாலே புரிந்துவிடும். கட்டியக்காரர் என்றால் நாங்கள் கட்டடம் கட்டுகிறவர் என்று நினைத்துக்கொள்வோம்.

*

கன்னங்குறிச்சி:

ஐயா, ஜல்லிக்கட்டு மைக்காரருக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் மாடு வாடிவாசலைத் தாண்டிச் சில விநாடியில் கதை முடிந்துவிடுகிறது, அடுத்த மாடு வருவதற்குள் மூச்சுவிட நேரம் இருக்கிறது. கால்பந்தில் 45 நிமிடம் பந்து ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே வாய் இரண்டையும் பார்க்க முடியாது. இங்கிலாந்தில் முதன்முதலாக வானொலியில் கால்பந்து ஆட்டம் சொன்னபோதே இதைக் கண்டுகொண்டார்கள். 1927 ஜனவரி 22, ஹைபரி மைதானம், ஆர்சனலும் ஷெஃபீல்ட் யுனைடெட்டும். மைதானத்தை எட்டுக் கட்டமாகப் பிரித்து எண் போட்ட படத்தை வானொலிப் பத்திரிகையில் முன்கூட்டியே அச்சடித்துவிட்டார்கள். வேக்லம் என்பவர் ஆட்டத்தைச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் பந்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எண்ணை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் இருப்பவர் படத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்பார். நம் இரண்டாவது ஆளின் கொள்ளுத்தாத்தா இவர்தான் என்பேன், அவருக்கென்று ஒரு வேலை இருந்தது பாருங்கள்.

கட்டியக்காரர் அருமையான சொல், ஆனால் நாற்காலி மாறிவிட்டது. கட்டியம் கூறுவது என்றால் விருது சொல்லிப் புகழ்வது. அது ஆங்கில வர்ணனையாளர் பீட்டர் டிரூரிக்குத்தான் பொருந்தும், அவர் முதல் நாற்காலிக்காரர். 2018 ஏப்ரலில் ரோமா 3-0 என்று பார்சிலோனாவை வெளியே அனுப்பிய இரவில் மனோலாஸ் தலையால் முட்டிப் போட்டதும், ரோமில் ஒரு கிரேக்கக் கடவுள் என்றார் பாருங்கள், அது அசல் கட்டியம். பலருக்கு அவர்தான் தெய்வம். எனக்கு அவர் வாரம் ஒரு ஆட்டத்துக்குத்தான் ஆவார், தினமும் விருந்து சாப்பிட முடியாது, பந்து வலைக்குப் போகும் முன்பே உவமை தயாராக இருக்கிறதோ என்று ஒரு சந்தேகமும் உண்டு. மார்ட்டின் டைலரை எடுத்துக்கொள்ளுங்கள். 2012 மே 13, மான்செஸ்டர் சிட்டி, 94ஆவது நிமிடம், பட்டமே அந்த ஒரு கோலில் தொங்குகிறது. அதைப் போட்ட அகுவேரோவின் பெயரை இழுத்தார், அவ்வளவுதான், அப்புறம் கொஞ்ச நேரம் கூட்டத்தைப் பேசவிட்டார். 1986 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா போட்ட இரண்டாவது கோலுக்கு விக்தோர் ஊகோ மொராலெஸ் அழுதுகொண்டே 'அண்டவெளிக் காற்றாடியே, எந்தக் கிரகத்திலிருந்து வந்தாய்' என்று கேட்டதும் கட்டியம்தான், ஆனால் அது அந்த நிமிஷத்தில் வயிற்றிலிருந்து வந்தது. பக்கத்து மாநிலத்தில் ஷைஜு தாமோதரன் கத்தும்போது மலையாளம் தெரியாமலே எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. இவர்கள் எல்லோரும் முதல் நாற்காலி. அந்த நாற்காலிக்குத் தமிழில் ஆள் வந்துவிடுவார்கள், குரலுக்கா நமக்குப் பஞ்சம்.

சகோதரிக்கு: 'முன்னாள் வீரர்' என்பது அவர் நேற்று என்னவாக இருந்தார் என்று சொல்கிறது, இன்று என்ன செய்கிறார் என்று சொல்லவில்லை. யூரோ 2020-ல் ஆங்கிலத்தில் எம்மா ஹேய்ஸ் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார், அப்போது செல்சி மகளிர் அணியின் பயிற்சியாளர். பெயர்பெற்ற ஆட்டக்காரர் அல்ல, ஆனால் ஒரு அணி எங்கே ஆளில்லாமல் திறந்து கிடக்கிறது என்று அவர் காட்டியது போல் பெரிய பெரிய ஸ்ட்ரைக்கர்கள்கூடக் காட்டியதில்லை. கேரி நெவில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 602 ஆட்டம் ஆடியவர், வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர், அவர் அந்த இடத்தைப் பற்றிப் பேசினால் நான் காபியைக் கீழே வைத்துவிடுவேன். 602 ஆட்டம் ஆடியதற்காக அல்ல, ஏன் என்று சொல்வதற்காக. அதே நெவில் 2012-ல் பார்சிலோனாவில் செல்சியின் டோரஸ் கோல் போட்டபோது வார்த்தையே இல்லாமல் ஒரு சத்தம் போட்டார், அதைக் கலைச்சொல்லாக்க நம்மால் ஆகாது.

எனக்கு வேண்டியது அந்த 'ஏன்' உள்ள சொல்.

*

ஆத்தூர் ஐயா:

அட, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. ஏன் என்று சொல்கிறவருக்கு நம்மிடம் பெயர் இருக்கிறது. உரையாசிரியர். குறளைப் பரிமேலழகர் எப்படிச் சொல்கிறார்? முதலில் பொருள், அப்புறம் விளக்கம். பழைய உரைகளில் நடுநடுவே 'என்னையெனின்' என்று வரும். ஏன் என்று கேட்டால் என்று அர்த்தம். உங்கள் இரண்டாவது நாற்காலியின் வேலை முழுக்க அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. முதல் ஆள் மூலத்தைச் சொல்லட்டும், இவர் உரை சொல்லட்டும். ஆசிரியர் என்பதை மட்டும் வெட்டிவிடுங்கள், பள்ளிக்கூட வாசனை அடிக்கும், முப்பத்து மூன்று வருஷம் அந்த வாசனையில் இருந்தவன் சொல்கிறேன். உரைகாரர் போதும்.

*

அம்மாபேட்டை:

உரை என்றால் முதல்வர் உரை, ஆளுநர் உரை என்றுதான் எங்களுக்கு வருகிறது ஐயா. ஆனால் கோனார் உரை என்று நினைத்துக்கொண்டால் சரியாகிவிடுகிறது. பரீட்சைக்கு முதல் நாள் புரியாததைப் புரியவைக்கிறவர். என் ஓட்டு உண்டு.

*

கன்னங்குறிச்சி:

ஐயா, பிடித்துவிட்டேன். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல்லாக நிற்கிறது, ஹேய்ஸுக்கும் நெவிலுக்கும் ஆகும். வர்ணனையாளர் என்பதைத் தனித்தமிழாக்க வேண்டும் என்று யாராவது கிளம்புவீர்கள் என்று தெரியும், இந்த இழையில் வேண்டாம், வேறு இழை தொடங்குங்கள்.

பட்டியலில் இப்படிச் சேர்த்திருக்கிறேன், திருத்தம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்:

உரைகாரர் — ஆட்ட ஒளிபரப்பில் வர்ணனையாளருக்குப் பக்கத்திலிருந்து, நடந்தது ஏன் நடந்தது என்று சொல்பவர். 'கோல் விழுந்ததும் வர்ணனையாளர் அடங்கினார், பந்து கோமானிடம் எப்படிப் போனது என்று உரைகாரர் ஆரம்பித்தார்.'

நேற்று ஏற்காட்டு நண்பனிடம் இந்த வாக்கியத்தைப் போனில் வாசித்துக் காட்டினேன். 'அப்படி எங்கேடா நடந்தது' என்கிறான்.