வாரா வாரம் இத்தனை மணி நேரம் ரெஸ்லிங், உங்களுக்குச் சலிக்கவில்லையா?

தக்கலைக்காரன்

செவ்வாய்க்கிழமை காலை 5.30க்கு அலாரம் வைத்து எழுந்து, கட்டன்சாயா போட்டு, சீனி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, அமெரிக்காவில் திங்கள் ராத்திரி நடக்கும் டபிள்யூடபிள்யூஇ கம்பெனியின் ரா ஷோவைப் பார்ப்பது என் பல வருடப் பழக்கம். போன வாரம் பாதியில் கண் அசந்துவிட்டேன். விழித்துப் பார்த்தால் தூங்கும்போது மைக் பிடித்துக்கொண்டிருந்த அதே ஆள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார், எனக்கு எதுவும் விட்டுப்போனதாகவே தெரியவில்லை.

1993ல் ரா தொடங்கியபோது 1 மணி நேரம்தான். 1997ல் 2, 2012ல் 3. அப்புறம் அதே கம்பெனியின் ஸ்மாக்டவுன், என்எக்ஸ்டி. அந்தப் பக்கம் போட்டிக் கம்பெனி ஏஇடபிள்யூவின் டைனமைட், கொலிஷன். எல்லாம் சேர்த்தால் வாரத்துக்கு 10 மணி நேரத்துக்கு மேல் போகிறது, இதில் மாதாந்திரப் பெரிய ஷோவைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. பள்ளிக்கூடத்தில் ரெஸ்லர்கள் படம் போட்ட டிரம்ப் கார்டு வைத்து விளையாடிய காலத்தில், அண்டர்டேக்கருக்கு 7 உயிர் என்று சத்தியம் செய்து சொன்னவனை நம்பினோம். அவர் எப்போதோ ஒருமுறை வந்ததால்தானே நம்ப முடிந்தது? இவ்வளவு காட்டினால் ஆட்டமும் கெட்டு வியாபாரமும் கெடாதா? எனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றுகிறதா?

குளச்சல் மக்கா

ஆட்டம் கெடும், சரி. வியாபாரம் எங்கே மக்கா கெட்டது? நெட்ஃபிளிக்ஸ் ராவுக்கு 10 வருடத்துக்கு 500 கோடி டாலருக்கு மேல் கொடுக்கிறது. டிக்கெட்டும் டி-ஷர்ட்டும் விற்ற காசில் ஓடிய கம்பெனி இப்போது நேரத்தை விற்றுப் பிழைக்கிறது. வாரம் தவறாமல் புது நிகழ்ச்சி, ஆஃப் சீசனே கிடையாது, அதுவும் லைவ். டிவிக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நீங்கள் நடுவில் தூங்கினாலும் சந்தா போய்விட்டது, அவ்வளவுதான். 2025 ஜனவரியில் ஸ்மாக்டவுனையும் 3 மணி நேரம் ஆக்கினார்கள். வருடத்தின் பெரிய ஷோவான ரெஸில்மேனியா 2020லிருந்து 2 ராத்திரி, 2025ல் இன்னொரு பெரிய ஷோவான சம்மர்ஸ்லாமும் 2 ராத்திரி. நஷ்டத்துக்கு யாராவது கடையைப் பெரிதாக்குவார்களா?

வடசேரி 90ஸ்

மேலே சொன்ன தம்பிக்கு, 90களில் இவர்களுக்குப் போட்டியாக இருந்த டபிள்யூசிடபிள்யூ கம்பெனி ஞாபகம் இருக்காது என்று நினைக்கிறேன். அவர்களும் கடையைப் பெரிதாக்கித்தான் பார்த்தார்கள். 1998 ஜனவரியில் தங்கள் திங்கட்கிழமை ஷோவான நைட்ரோவை 3 மணி நேரமாக்கி, அதே மாதம் தண்டர் என்று இன்னொரு ஷோவையும் தொடங்கினார்கள். நேரம் கூடினால் தீனியும் கூட வேண்டுமே. அந்த ஜூலை 6ஆம் தேதி அட்லாண்டாவில் 40,000 பேர் முன்னால் கோல்ட்பெர்க், பெரிய நட்சத்திரமான ஹோகனைத் தோற்கடித்துப் பட்டத்தை வாங்கினார். தோற்காமலே வந்துகொண்டிருந்த ஆள், எதிரே ஹோகன். மாதக்கணக்கில் இழுத்து, காசு கட்டினால்தான் பார்க்கலாம் என்று வைத்திருக்க வேண்டிய மேட்ச். அதைத் திங்கட்கிழமை டிவியில் சும்மா கொடுத்தார்கள், அந்த ஒரு ராத்திரி ரேட்டிங்கில் ஜெயிப்பதற்காக. ஜெயிக்கவும் செய்தார்கள், அடுத்த திங்கட்கிழமை வந்தபோது காட்டுவதற்குத்தான் அந்த அளவுக்கு ஒன்றுமில்லை. 2001 மார்ச்சில் கம்பெனியே எதிராளி கைக்குப் போனது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு (சேனல் முதலாளிகளுக்கே ரெஸ்லிங் வேண்டாம் என்றாகிவிட்டது), ஆனால் பெட்டியில் இருந்ததையெல்லாம் வாரா வாரம் எடுத்துக் கொட்டியதும் ஒரு காரணம்.

நேரத்தை நிரப்ப என்னவெல்லாம் செய்வார்கள் என்பதற்கு டபிள்யூடபிள்யூஇயின் 24/7 பட்டம் (எந்த நேரத்திலும், எங்கே வைத்தும் பறிக்கலாம்) ஒன்று போதும். ஆர்-ட்ரூத் அதை 50 தடவைக்கு மேல் ஜெயித்தார். சிரிப்பாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பட்டம் என்ற வார்த்தைக்கு அதற்கப்புறம் என்ன மதிப்பு?

குலசேகரம் பால்வெட்டு

எனக்கு ரெஸ்லிங் பாதிதான் தெரியும், ரப்பர் முழுதாகத் தெரியும். எங்கள் விளையில் ஒன்றுவிட்டு ஒருநாள்தான் வெட்டு. தினமும் வெட்டினாலும் பால் வரும், முதல் மாதம் சிரட்டை நிறைந்து நிற்பதைப் பார்த்தால் இத்தனை நாள் இதை ஏன் செய்யாமல் விட்டோம் என்றுகூடத் தோன்றும். அப்புறம் பால் தண்ணீராகும், ஷீட் அடித்தால் எடை நிற்காது, கடைசியில் பட்டை காய்ந்து கத்தி வைத்தாலும் சொட்டு வராது. மரம் பார்க்கப் பச்சையாகத்தான் நிற்கும். இப்படித் தினமும் வெட்டுவது யார் தெரியுமா? பெரும்பாலும் குத்தகைக்கு எடுத்தவன். 2 வருடத்தில் போகப்போகிறவனுக்கு மரத்தைப் பற்றி என்ன கவலை.

குளச்சல் அண்ணன் சொல்லும் 500 கோடி டாலர், சிரட்டை நிறைந்து நிற்கும் கணக்கு. ஒப்பந்தம் முடிகிற வருடம் எடை போட்டுப் பார்ப்போம்.

குளச்சல் மக்கா

வேய், ரப்பர் உவமை நல்லா இருக்கு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரோமன் ரெய்ன்ஸை விட்டுவிட்டீர்களே. 2020 ஆகஸ்டிலிருந்து 2024 ஏப்ரல் வரை 1,316 நாள் பட்டம் அவரிடம்தான் இருந்தது, கடைசி வருடங்களில் ஆளைப் பார்ப்பதே அபூர்வம். ஷோ வாரா வாரம் நடந்தது, அவர் பெயரைச் சொல்லியே நடந்தது, அண்ணன் தம்பி சண்டை ஒன்றை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டினார்கள். அது மாதிரி ஒரு குடும்பக் கதையை நம் சீரியல்காரர்களால்கூட இழுக்க முடியாது. ஆகவே நேரம் கூடியது மட்டும் குற்றமில்லை, யாரை எப்போது ஒளித்து வைப்பது என்று தெரிய வேண்டும்.

வடசேரி 90ஸ்

அதையேதான் நானும் சொல்கிறேன். அவரை ஒளித்து வைத்தார்கள், சரி. மீதி ஆட்களை? ஒரே இரண்டு பேர் திங்கள் மோதுவார்கள், அடுத்த திங்கள் ஆளுக்கொரு கூட்டாளியோடு மோதுவார்கள், அப்புறம் பெரிய ஷோவில் அதே இரண்டு பேர். மூன்றாவது தடவை பார்க்கும்போது அடிக்கு முன்னாலேயே எனக்கு முதுகு வலிக்கிறது.

தக்கலைக்காரன்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பால்வெட்டு அண்ணே, உங்கள் பதிலை வீட்டில் வாசித்துக் காட்டினேன். 12 வயது மகன் முழு ஷோ பார்ப்பதே இல்லையாம். 5 நிமிடத் துண்டுகளாகப் பார்த்துவிட்டு, யார் ஜெயித்தார், யார் யாரை ஏமாற்றினார் என்று என்னைவிடச் சரியாகச் சொல்கிறான். அடுத்த செவ்வாய் முதல் அலாரம் கிடையாது. கதையை அவனிடம் கேட்டுக்கொள்கிறேன், மாதத்துக்கு ஒரு பெரிய ஷோவை மட்டும் இரண்டு பேருமாக உட்கார்ந்து பார்க்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.