ஆடுகதை: பழைய கணினி விளையாட்டு வகை ஒன்றுக்குச் சொல் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

நம் கலைச்சொல் பட்டியலுக்காக, தட்டச்சு செய்து ஆடும் பழைய கதை விளையாட்டுகளைத் தமிழில் எப்படி அழைப்பது என்று இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் படித்தேன். 'ஊடாடு புனைவு' (interactive fiction) என்ற சொல்லையே எல்லாவற்றுக்கும் வைத்துவிடலாம் என்கிற பக்கம்தான் பேச்சு போகிறது. அந்தச் சொல்லின்மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. எல்லாவற்றுக்கும் அதுவே போதும் என்பதில்தான் தகராறு.

> தட்டச்சு செய்து ஆடும் கதை விளையாட்டு எல்லாம் ஒன்றுதானே? எதற்கு இரண்டு சொல்?

ஒன்றில்லை ஐயா. 1978இல் ஸ்காட் ஆடம்ஸ் டிஆர்எஸ்-80 கணினிக்கு எழுதிய 'அட்வென்ச்சர்லேண்ட்' விளையாட்டைப் பாருங்கள். கோடரியை எடு, மரத்தில் ஏறு என்கிற மாதிரி இரண்டிரண்டு ஆங்கிலச் சொற்களில் ஆணை கொடுக்க வேண்டும். தட்டுவது எல்லாமே ஏவல் வினை. எழுவாய்க்கு வேலையே இல்லை. கதை சொல்வது கணினி, அதற்குள் நடமாடுவது நாம். 1982இல் மெல்போர்னின் பீம் சாஃப்ட்வேர் கொண்டுவந்த 'தி ஹாபிட்' இன்னும் நீளமான வாக்கியங்களைப் புரிந்துகொண்டது. அதில் தோரின் என்கிற பாத்திரம் நாம் தவித்துக்கொண்டிருக்கும்போது தன் பாட்டுக்கு உட்கார்ந்து தங்கத்தைப் பற்றிப் பாடத் தொடங்கிவிடும். ஆடியவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அடிப்படை அதேதான். நாம் ஏவுகிறோம், அது விவரிக்கிறது. இவற்றை 'ஊடாடு புனைவு' என்று சொல்லுங்கள், சரி.

அதே 1982இல் அமெரிக்காவில் ஸ்பின்னக்கர் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்டோரி மெஷின்' வேறு சாதி. அதில் குழந்தைக்கு ஒரு சிறு அகராதி கொடுக்கப்படும். அதிலுள்ள பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும் வைத்துக் குழந்தை ஒரு முழு வாக்கியம் எழுத வேண்டும். ஒரு சிறுவன் நடக்கிறான் என்று ஆங்கிலத்தில் எழுதினால், திரையில் சிறுவன் வந்து நடப்பான். அடுத்த வாக்கியத்தில் அடுத்த செயல். இங்கே ஏவலே கிடையாது, எல்லாம் எழுவாயோடு கூடிய வினைமுற்று. கதை சொல்வது குழந்தை, அதை நடித்துக் காட்டுவது கணினி. இந்த வகைக்குத்தான் நமக்குச் சொல் இல்லை.

> 'ஏவுகதை' நன்றாக இருக்கிறதே!

முதல் வகைக்கு வேண்டுமானால் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. அதோடு ஏவல் என்றதும் பில்லி சூனியமும், ஏவு என்றதும் கணையும் நினைவுக்கு வருவதை யார் தடுப்பது?

என் முன்மொழிவு 'ஆடுகதை'. விடுகதை போல வினைத்தொகை. குழந்தை ஆடிய கதை, ஆடும் கதை, திரையில் பாத்திரங்கள் ஆடுகின்ற கதை எல்லாம் அதில் அடங்கும். விளையாட்டும் கூத்தும் ஒரே வினையில் கிடைப்பது நமக்கு அதிர்ஷ்டம்.

> ஆட்டைப் பற்றிய கதை என்று நினைத்துவிட மாட்டார்களா?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். ஆட்டைப் பற்றிய கதை என்றால் 'ஆட்டுக்கதை' என்று ஒற்று இரட்டித்து வரும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது, அதனால் 'ஆடுகதை'. ஆடுகளம் என்றால் யாரும் பட்டியைத் தேடுவதில்லை. பிரித்து எழுதாமல் இருந்தால் போதும்.

இந்த வேறுபாடு தமிழில் ஒரு விளையாட்டைச் செய்து பார்த்தால் இன்னும் தெளிவாகிறது. ஆடம்ஸ் நினைவகத்தை மிச்சம் பிடிக்க ஒவ்வொரு சொல்லிலும் முதல் மூன்று எழுத்தை மட்டும் பார்த்தார். தமிழில் அந்தச் சிக்கனமே வேற்றுமை உருபை வெட்டிவிடுகிறது: விளக்கை, விளக்கில், விளக்கால் எல்லாம் வி-ள-க்தான். (விளக்குமாறும் அதுவேதான். அந்தப் பொருளை விளையாட்டில் வைக்காமல் இருப்பதே உத்தமம்.) ஆனால் மரம் மூன்றாம் எழுத்திலேயே மாட்டிக்கொள்கிறது. மரம் என்பதில் ம், மரத்தில் என்பதில் த். மகர ஈற்றுச் சொற்களுக்கு மட்டும் ஒரு விதி எழுதினால் ஏவல் விளையாட்டு ஓடிவிடும். ஏறுவது யார் என்ற கேள்வியே அங்கே இல்லையே!

ஆடுகதையில் உருபை வெட்ட முடியாது. 'நாய் சிறுவனைத் துரத்தியது', 'நாயைச் சிறுவன் துரத்தினான்' இரண்டும் வேறு வேறு காட்சிகள். பயனிலை இன்னும் சுவாரசியம். ஆங்கிலத்தில் சிறுவன், சிறுமி, நாய் யார் குதித்தாலும் நிகழ்கால வினைமுற்று ஒன்றுதான். நம் குழந்தை குதித்தான், குதித்தாள், குதித்தது என்று திணையும் பாலும் பார்த்து எழுத வேண்டும்.

அப்புறம், 'நரி வந்தார்' என்று ஒரு குழந்தை தட்டினால் கணினி பிழை என்று சொல்வதா? நம் கதைகளில் நரியாரும் காக்கையாரும் வராத நாள் உண்டா? உவப்பினால் திணை மாறினாலும் இயல்பே என்று நன்னூலே இடம் கொடுக்கிறது. பசுவை 'என் அம்மை வந்தாள்' என்று சொல்வதை உரைகள் எடுத்துக்காட்டுகின்றன. ஆகவே தமிழ் ஆடுகதை நரியை வரவைக்க வேண்டும், முடிந்தால் தலைப்பாகையோடு. வழுவைத் திருத்தும் கருவி, வழுவமைதி தெரியாமல் குழந்தையோடு கதை பேச முடியாது.

> 1983இல் வந்த 'கிரானீஸ் கார்டன்' எதில் சேரும்?

பிபிசி மைக்ரோ கணினியில் பிரிட்டன் தொடக்கப் பள்ளிகள் ஆடிய விளையாட்டு. சூனியக்காரியிடமிருந்து பிள்ளைகளை மீட்க வேண்டும், கேட்கும் கேள்விக்கு விடை தட்ட வேண்டும். கதை ஏற்கனவே எழுதி முடித்தது. ஆகவே ஊடாடு புனைவு. வகுப்பே கூடிப் பேசி விடை சொன்னதால் மொழிப் பயிற்சி கிடைத்திருக்கும்தான், ஆனால் அது வகுப்பறையின் வேலை.

பட்டியலில் இப்படிப் போடலாம்:

ஆடுகதை (பெ.): ஆடுபவர் சொற்களைக் கொண்டு அமைக்கும் வாக்கியங்களைக் கணினி திரையில் காட்சியாக நடத்திக் காட்டும் விளையாட்டு.

'எழுதும்' என்று போடாமல் 'அமைக்கும்' என்று போட்டதற்குக் காரணம் உண்டு. 1984இல் மப்பெட் பொம்மைகளை வைத்து வந்த 'கெர்மிட்ஸ் எலக்ட்ரானிக் ஸ்டோரிமேக்கர்' விளையாட்டில் குழந்தை சொல்லைத் தட்டுவதில்லை, காட்டப்படும் சொற்களிலிருந்து தேர்ந்தெடுக்கிறது. அதையும் உள்ளே விட வேண்டும் என்பது என் எண்ணம். மாற்றுக் கருத்து இருந்தால் பதிவேற்றும் முன் சொல்லுங்கள்.