மறுமொழி: வாடைத்தடமா, மோப்பத்தடமா?

அன்புள்ள குழுவினருக்கு,

நாயின் மோப்பம் பற்றிய தமிழ்ச் சொற்பட்டியலுக்கு வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> வேட்டைநாய் பின்தொடரும் மணத்துக்கு 'வாடைத்தடம்' என்று வைக்கலாம். நல்ல மணம், கெட்ட மணம் இரண்டுக்கும் பொதுவான சொல் அது.

பொதுவான சொல் என்பதில் மறுப்பில்லை. ஆனால் தொண்டியிலோ தேவிபட்டினத்திலோ கரையில் நின்று 'வாடை' என்று சொல்லிப் பாருங்கள். ஐப்பசி பிறந்ததும் வடக்கேயிருந்து அடிக்கும் காற்றைத்தான் நினைப்பார்கள். மோப்பம் பற்றிய கட்டுரையில் காற்று வரிக்கு வரி வரும். 'வாடையில் வாடைத்தடம் கலைந்தது' என்று எழுத நேர்ந்தால் படிப்பவர் கதி என்ன? என் வாக்கு 'மோப்பத்தடம்' என்பதற்கே.

அதைவிடப் பெரிய சிக்கல், நாய் மோப்பம் பிடிப்பதை ஒரே செயலாக எண்ணிச் சொல் தேடுவது. அது மூன்று விதம். மிதிபட்ட புல்லும் கிளறிய மண்ணும் விடும் மணத்தை, மூக்கைத் தரையில் வைத்து அடிக்கு அடி பிடித்துப் போவது ஒன்று. உடலிலிருந்து உதிர்ந்த தோல்துகள் காற்றில் விலகி எங்கே படிந்ததோ அந்த வழியே போவது இன்னொன்று. தடத்தையே விட்டுவிட்டுத் தலையைத் தூக்கி, காற்றில் வரும் மணத்தை எதிர்கொண்டு போவது மூன்றாவது.

இரண்டாவதை எங்கள் பக்கத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். மந்தையைவிட்டுப் பிரிந்த ஆட்டைத் தேடும் நாயைக் கவனியுங்கள். குளம்படி மணலில் பளிச்சென்று தெரியும். நாயோ அதைச் சட்டை செய்யாமல், கடற்காற்று தள்ளிய பக்கமாக நாலைந்து முழம் விலகி, சீமைக்கருவேலத் தூர்களை ஒட்டியே ஓடும். நிழலும் ஈரமும் உள்ள இடத்தில்தான் மணம் தங்கும்; உச்சிவெயிலில் காய்ந்த வெறும் மணலில் சீக்கிரம் போய்விடும். புதிதாகப் பார்ப்பவர் நாய் தடம் தவறிவிட்டது என்பார். ஆட்டுக்காரர் பேசாமல் அதன் பின்னால் போவார்.

ஆகவே மூன்று சொற்களை முன்வைக்கிறேன்: அடிமோப்பம், ஒதுக்குமோப்பம், காற்றுமோப்பம். கரையில் கட்டை ஒதுங்குகிறதே, அந்த ஒதுங்கல்தான் நடுச்சொல்லில் இருப்பது. 'ஒதுக்கீடு' நினைவுக்கு வருகிறது என்று யாராவது கிளம்புவார்கள், கிளம்பட்டும்.

> 'தடம்' என்றால் எந்தப் பக்கம் போனது என்ற பொருள் வராதே?

வரும். கடைசியாக வைத்த அடியில் மணம் சற்றுக் கூடுதல், முந்தையதில் குறைவு. மனிதர் நடந்துபோன ஐந்து காலடிகளை முகர்ந்தே நாய்கள் திசையைக் கண்டுகொண்டதாக 2005-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது; மூன்று காலடி போதவில்லை. திசை தடத்துக்குள்ளேயே இருக்கிறது.

இச்சொற்களை 'வேட்டைநாய்' என்ற தலைப்பின்கீழ் வைப்பதும் சரியில்லை. வேட்டைநாய் இனங்களில் ப்ளட்ஹவுண்டும் பீகிளும் மோப்பத்தால் துரத்துபவை; நம் நாட்டு இனங்களான சிப்பிப்பாறையும் கன்னியும் முதன்மையாகப் பார்வையால் துரத்துபவை. 'மோப்பநாய்' தனித்தலைப்பாக வரட்டும்.

தடத்தை இழந்த நாய் சுற்றிச் சுற்றித் தேடுவதற்கும் சொல் கேட்டிருந்தீர்கள். யாராவது 'வளைதேடல்' என்று ஒன்றைச் செய்து அனுப்புவதற்குள் 'வட்டமடித்தல்' என்றே பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.